2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து இலக்கம் கொண்ட இந்த எண்ணைப் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது ஏதாவது ஒரு மென்பொருள் கோளாறில்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன், அந்தக் கதை கீழே வருகிறது. கணினி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கணிதக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நண்பர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளிக் கணக்கு நினைவிருந்தால் போதும்.

இதை எப்படி வாசிப்பது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. நம் முறையில் கமா போட்டால் 2,14,74,83,647.

இதற்கு என்ன தனிச்சிறப்பு?

2-ஐ 31 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். அதாவது 2³¹ − 1. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று வைத்துக்கொண்டே போகும் பழைய கதை தெரியும் அல்லவா? அதில் முதல் 31 கட்டங்களில் விழும் மொத்த நெல்மணிகள் இத்தனை. முப்பத்திரண்டாம் கட்டத்தில் மட்டும், இதுவரை வைத்த அத்தனையையும்விட ஒரு மணி கூடுதலாக வைக்க வேண்டிவரும்.

இரும எண் முறையில் எழுதினால் வரிசையாக முப்பத்தொரு 1-கள், இடையில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. ஆகவே முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். எண்களில் ஒரு மாலைமாற்று. பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையில் (அதில் 15-ஐ எஃப் என்று எழுதுவார்கள்) ஒரு 7, அதன்பின் ஏழு எஃப்.

இது பகா எண்ணா, பகு எண்ணா?

பகா எண். தன்னாலும் 1-ஆலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தால் இது 10,50,97,565-ஆவது.

கணினி இல்லாத காலத்தில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுப்பது ஆகிற காரியமா? 1772-இல் கணிதமேதை லியோனார்டு ஆய்லர், இன்னொரு கணிதக்காரரான பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பகா எண் என்று அறிவித்தபோது பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. வகுத்தலைக் குறைக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது, அதைக் கண்டுபிடித்தும் விட்டார்.

இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 'வ' என்று பெயர். அப்படியானால் 2³¹-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, 2-இன் அடுக்கு (வ − 1) ஆக இருக்கும்போதும் மீதி 1. ஆனால் 31 பகா எண் என்பதால், 2-இன் அடுக்குகளில் மீதி 1 வருவது 31, 62, 93 என்று 31-இன் மடங்குகளில் மட்டும்தான். ஆகவே (வ − 1) என்பது 31-இன் மடங்கு. வ ஒற்றைப்படை, அதனால் (வ − 1) இரட்டைப்படையும்கூட. எனவே அது 62-இன் மடங்கு. இந்த ஒரே வடிகட்டலில் பெரும்பாலான எண்கள் ஓடிவிடும்.

அடுத்த வடிகட்டி: 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, வ-ஆல் வகுக்கும்போது மீதி 2 தரும் ஒரு வர்க்கம் இருக்கிறது. அது நடக்க வேண்டுமானால் வ-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வந்தாக வேண்டும் என்பது விதி. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், வ-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரலாம்.

வரிசையாக எழுதிப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இதில் 63, 249, 807, 993 நான்கும் 3-ஆல் வகுபடும். 745, 1055 இரண்டும் 5-இல் போகும். 497 = 7 × 71, 559 = 13 × 43, 1241 = 17 × 73. மிஞ்சுவது 311, 1303 இரண்டுதான். 1,303 வரை உள்ள இருநூற்றுச் சொச்சம் பகா எண்களில் வெறும் இரண்டு! 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் மீதி 226. இரண்டும் வகுக்கவில்லை.

இப்படியே 46,340 வரை போனால் வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்கள் எண்பதைச் சுற்றித்தான் தேறும். எதுவும் வகுக்கவில்லை. ஒரு வாரக் கடைசியில் நீங்களே உட்கார்ந்து செய்து பார்க்கக்கூடிய வேலை. முதல் இருபது வரை நான் செய்தேன், அதற்குமேல் பொறுமை இல்லை.

இதைவிடச் சுலபமான சோதனை உண்டா?

உண்டு. எதுவார் லூக்கா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிவைத்து, டி.எச்.லெமர் 1930-இல் செப்பனிட்ட சோதனை. நம் எண்ணைப் போல 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்களுக்கு மட்டும் பொருந்தும். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி சுழியம் என்றால் அது பகா எண்.

சிறிய எண்ணில் காட்டுகிறேன். 2⁵ − 1 = 31. அடுக்கு 5 என்பதால் மூன்று தடவை. 4-இன் வர்க்கம் 16, இரண்டு போனால் 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு போனால் 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64, இரண்டு போனால் 62. 62-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி சுழியம். முடிந்தது. நம் எண்ணுக்கு இதே வேலையை 29 தடவை செய்ய வேண்டும். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட இதே வகை எண்களை உறுதிசெய்வதற்கும் இந்தச் சோதனை பயன்படுகிறது.

மெர்சேன் பகா எண் என்றால் என்ன?

2-இன் ஏதோ ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் பகா எண். 3, 7, 31, 127, 8191, 131071, 524287, அதற்கடுத்து எட்டாவதாக 2147483647. பெயர் மரேன் மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவியுடையது. 1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார்: அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆக இருந்தால் பகா எண் வரும், 257 வரை வேறெதற்கும் வராது என்று. 67-உம் 257-உம் தப்பு. 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 31 சரி.

அவருக்கு முன்பே இத்தாலியின் கட்டால்டி 31-ஐச் சொல்லியிருந்தார். ஆனால் கூடவே 23, 29, 37 ஆகியவற்றையும் சொன்னார், அவை மூன்றும் தவறிப்போயின. 2²³ − 1 என்பது 47-ஆலும், 2³⁷ − 1 என்பது 223-ஆலும் வகுபடும் என்று ஃபெர்மா கண்டுபிடித்தார். 2²⁹ − 1 என்பது 233-ஆல் வகுபடும் என்று காட்டியவர் ஆய்லர். நான்கு சொல்லி ஒன்று பலித்ததை ஆரூடம் என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல முடியாது. அதனால் பெருமையை ஆய்லருக்கே கொடுக்கிறேன்.

31 பகா எண் என்பதால்தான் 2³¹ − 1-உம் பகா எண்ணாக இருக்கிறதா?

இல்லை. பலரும் வழுக்கி விழும் இடம் இது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை கட்டாயம் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடை பகா எண்ணாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் சறுக்கல் 11-இலேயே வந்துவிடுகிறது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

ஒரு வேடிக்கை: நம் எண்ணின் அடுக்கான 31-ஏ ஒரு மெர்சேன் பகா எண்தான் (2⁵ − 1). அடுக்கும் மெர்சேன், விடையும் மெர்சேன். இதற்கு இரட்டை மெர்சேன் பகா எண் என்று பெயர். இதுவரை தெரிந்தவை நான்கே நான்கு: 7, 127, நம் எண், பிறகு 2¹²⁷ − 1.

செவ்விய எண்களோடு இதற்கு என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் செவ்விய எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சேன் பகா எண்ணுக்கும் ஒரு செவ்விய எண் பிறக்கும் என்பது யூக்ளிட் காலத்துச் செய்தி. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. இது எட்டாவது செவ்விய எண்.

இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811-இல் இதைப் பற்றி எழுதும்போது, இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வெறும் வேடிக்கைக்காக யார் அவ்வளவு பாடுபடுவார்கள் என்கிற மாதிரி சொல்லிவைத்தார். மனிதர்களைப் பற்றித் தப்புக்கணக்குப் போட்டுவிட்டார். 1876-இல் லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1-ஐக் கையாலேயே நிரூபித்தார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சேன் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. இலக்கங்கள் மட்டும் நான்கு கோடிக்கும் மேல். அதற்கும் ஒரு செவ்விய எண் பிறந்திருக்கிறது.

ஆனால் நம் எண் செவ்விய எண் அல்ல, அது குறைவெண். பகா எண்ணுக்குத் தன்னைத் தவிர 1 மட்டுமே வகுத்தி, கூட்டினால் 1தான் வரும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

முடியாது. மூன்றாலும் முடியாது. குறைந்தது நான்கு வேண்டும்.

காரணம் எளிது. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 1. இரட்டைப்படையின் வர்க்கத்துக்கு 0 அல்லது 4. நம் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. 0, 1, 4 என்ற மூன்றிலிருந்து மூன்றை எப்படிப் பொறுக்கிக் கூட்டினாலும் 7 வராது, அதைவிட 8 கூடுதலான 15-உம் வராது. நான்கு கிடைத்தால் 4 + 1 + 1 + 1 = 7. எந்த முழு எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770-இல் லக்ராஞ்சு நிரூபித்தார். நம் எண்ணுக்கு ஒரு விடை:

46339² + 425² + 10² + 1²

கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். 2147302921 + 180625 + 100 + 1. இதைத் தேடிப் பிடித்த அன்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

வேறு என்னென்ன வகைகளில் சேரும், எதில் சேராது?

விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பகா எண் அல்ல: இரண்டைக் கழித்தால் 5-ஆல் வகுபடுகிறது, இரண்டைக் கூட்டினால் 3-ஆல். முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. சோஃபி ஜெர்மேன் பகா எண்ணும் அல்ல: இருமடங்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967295 வருகிறது, அது 3 × 5 × 17 × 257 × 65537. (அந்த ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள், அதாவது 2-இன் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வருபவை என்பது தனிக்கதை.) இலக்கங்களின் கூட்டல் 46. 'மகிழ்ச்சி எண்' அல்ல: இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 260, 40, 16, 37, 58, 89 என்று சுழலில் மாட்டி 1-க்கு வந்து சேரவே சேராது. மகிழ்ச்சி எண் என்பது நாம் பத்து விரலால் எண்ணுவதால் வந்த விளையாட்டு, அதற்குமேல் மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

கணினிக்காரர்கள் ஏன் இந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

பல நிரல்களில் ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் (0 அல்லது 1 எழுதும் ஓர் இடம்தான் ஒரு பிட்) இடம் ஒதுக்குவார்கள். அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. முப்பத்தொரு இடத்திலும் 1-ஐ நிரப்பினால் வருவதுதான் இந்த எண். அதற்குமேல் இடமில்லை. ஒன்றைக் கூட்டினால் பல நேரங்களில் −2147483648 என்று தலைகீழாகப் புரளும். 2014-இல் யூடியூபில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டபோது, எண்ணும் இடத்தை 64 பிட்டாக விரித்தார்கள்.

அப்படியானால் பகா எண்ணாக இருப்பதால்தான் இதைக் கணினியின் எல்லையாக வைத்தார்களா?

இல்லவே இல்லை. இரண்டும் தற்செயலாக ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 16 பிட்டின் எல்லை 32767, அது 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லை 9223372036854775807, அதுவும் 7-ஆல் வகுபடும். அடுக்குகள் 15-உம் 63-உம் பகு எண்கள் என்பதால் அங்கே பகா எண் வர வாய்ப்பே கிடையாது. 8 பிட்டின் எல்லையான 127 பகா எண். 128 பிட்டின் எல்லை, லூக்கா நிரூபித்த அதே 2¹²⁷ − 1. கணினி வடிவமைத்தவர்கள் யாரும் ஆய்லரின் கடிதத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை.

எங்கள் கடையின் பட்டியலில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே தொலைபேசி எண் 2147483647 என்று காட்டுகிறது. ஏன்?

முதலில் சொன்ன என் கதை இதுதான். உறவினர் ஒருவரின் மளிகைக் கடைக்கு நானே பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது: "தம்பி, அத்தனை பேருக்கும் ஒரே நம்பர் விழுதுப்பா, அந்த நம்பருக்கு அடிச்சா போகவும் மாட்டேங்குது." கைபேசி எண்ணை எண் வகைப் புலத்தில் சேமித்துவைத்திருந்தேன். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். ஆக, எல்லாமே 600 கோடிக்கு மேல். 214 கோடியில் முட்டி நிற்கும் புலத்தில் ஒன்றுகூட நுழையாது. கண்டிப்பு முறை (பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் அமைப்பு) அணைக்கப்பட்ட மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பிழை என்று சொல்லாமல் தன்னால் முடிந்த மிகப் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

தீர்வு: தொலைபேசி எண்ணை எழுத்து வகையில் சேமியுங்கள். அதை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. பழைய எண்கள் மீளாது, வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்டுத்தான் வாங்க வேண்டும். என் உறவினர் கேட்டு வாங்கினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லியும் காட்டுகிறார்.

2038 பிரச்சினை என்கிறார்களே, அதுவும் இதுதானா?

ஆமாம். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (கிரீன்விச் நேரம்) எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணித்தான் நேரம் வைத்திருக்கின்றன. 32 பிட்டில் எண்ணினால் 2147483647-ஆவது நொடியோடு இடம் தீர்ந்துவிடும். அது சுமார் 68 ஆண்டு. நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில், திருத்தப்படாத கருவி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

64 பிட்டில் நேரம் எண்ணும் கருவிகளுக்குப் பயமில்லை. அதில் 29,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் இடமிருக்கிறது. 32 பிட் கருவிகளுக்கும் 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 வழி செய்துவிட்டது. கவலை, யாரும் புதுப்பிக்காமல் எங்கோ சுவரில் பதித்துவிட்டு மறந்துபோன சிறு கருவிகளைப் பற்றித்தான்.

இது பகா எண்ணாக இருப்பதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு, பார்லோ எதிர்பாராத இடத்தில். தாறுமாறாக வரும் (ரேண்டம்) எண்களைக் கணினியில் உண்டாக்க 1969-இல் லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் ஒரு முறை சொன்னார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் அதையே குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தார்கள். கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். வகுக்கும் எண் பகா எண் என்பதாலும், 16807 (7⁵) பார்த்துப் பொறுக்கிய எண் என்பதாலும், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒரே ஒரு தடவை வந்து முடித்தபிறகுதான் வரிசை மறுபடி 1-க்குத் திரும்பும். ரகசியக் குறியீட்டுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், ஒரு எண் தெரிந்தாலே அடுத்ததைச் சொல்லிவிடலாம். சின்ன விளையாட்டுகளுக்குப் போதும்.

எழுதிப் பார்க்க ஆசை என்றால் ஒரு சரிபார்ப்பு எண் தருகிறேன்: 1-இல் தொடங்கி பத்தாயிரமாவது தடவை 1043618065 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால், முக்கியமாகக் கழித்தல் குறியோடு வந்தால், 16807-ஆல் பெருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் விடை 2147483647-ஐத் தாண்டிப் புரண்டிருக்கும்.